ஜிடிஎஃப்15: குப்பியில் இருந்தது வேறொரு புரதம்

ஜிடிஎஃப்15 என்னும் மனிதப் புரதத்தை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு நான் 7 ஆண்டுகளைச் செலவிட்டேன். அவற்றில் முதல் இரண்டேகால் ஆண்டுகள் நான் உண்மையில் ஆராய்ந்தது, விலைக்கு வாங்கிய குப்பிக்குள் அதனோடு கலந்து வந்த இன்னொரு புரதத்தை. அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் நோயாளிகளின் இரத்தத்தில் நான் கண்டு மகிழ்ந்த பெரிய வேறுபாட்டில் பெரும்பகுதி, அவர்களுடைய வயதாலும் அவர்கள் உட்கொண்ட மருந்துகளாலும் வந்தது. அதையும் சரிசெய்த பிறகு, அளப்பதற்கு நான் நம்பியிருந்த பரிசோதனைத் தொகுப்பே எல்லா மனிதரின் புரதத்தையும் ஒரே மாதிரி படிப்பதில்லை என்று தெரியவந்தது. இவற்றுள் ஒன்றைக்கூட எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள், அவர்களில் சிலர் இதே இடங்களில் விழுந்து, வெளியே தெரியாமல் எழுந்து போயிருந்தார்கள் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். ஒரு புரதத்தை மருந்துக்குரிய இலக்காகவும் நோயைக் காட்டும் பயோமார்க்கராகவும் ஆராயத் தொடங்கும் ஒருவருக்காவது இது பயன்படட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1997இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் சாமுவேல் பிரெய்ட் தலைமையிலான குழு இதனைக் கண்டறிந்து எம்ஐசி-1 என்று பெயரிட்டது. வேறு குழுக்களும் தனித்தனியே இதே புரதத்தை எட்டியதால் நாக்-1, பிளாப் என்று இன்னும் பல பெயர்கள் இதற்கு உண்டு. இதன் மரபணு 19ஆம் குரோமோசோமில் உள்ளது. 308 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியாக முதலில் உருவாகி, வெட்டப்பட்டு, 112 அமினோ அமிலங்கள் கொண்ட இரு துண்டுகள் கந்தகப் பிணைப்பால் இணைந்த இரட்டையாக இரத்தத்தில் உலவுகிறது. உடல்நலத்தோடு இருக்கும் இளையவர் ஒருவரின் இரத்தத்தில், ஒரு மில்லிலிட்டருக்குச் சில நூறு பிக்கோகிராம் அளவே இது இருக்கும். செல்கள் ஏதேனும் நெருக்கடிக்கு உள்ளாகும்போது இந்த அளவு ஏறுகிறது. புற்றுநோய், இதயச் செயலிழப்பு, மைட்டோகாண்ட்ரியா குறைபாடு, தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை ஆகியவற்றிலும் கருவுற்ற காலத்திலும் பல மடங்கு ஏறுகிறது. புற்றுநோயாளிகள் பசியிழந்து தசை கரைந்து மெலிந்துபோகும் நிலையோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்று சொல்லப்பட்டதே என்னை இதனிடம் இழுத்தது. என் குடும்பத்தில் ஒருவர் அப்படித்தான் கரைந்து மறைந்தார். கடைசி மாதங்களில் அவருக்குப் பிடித்த எதையும் அவரால் விழுங்க முடியவில்லை. அந்த மெலிவுக்குக் காரணமான ஒரு மூலக்கூறு இருக்கிறது, அதை ஒரு மருந்தால் தடுக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வெறும் ஆய்வுத் தலைப்பாக இருந்ததில்லை.

2015இன் நடுவில் ஆய்வைத் தொடங்கினேன். தொடக்கத்திலேயே செய்த ஒரு பிழையை இங்கே சொல்லிவிடுகிறேன். இலக்கியத் தேடலை ஜிடிஎஃப்15 என்ற ஒரே பெயரில்தான் செய்தேன். எம்ஐசி-1 என்ற பெயரில் வெளிவந்திருந்த பத்தாண்டுக்கால ஆய்வுகளில் பெரும்பகுதியை முதல் 6 மாதம் நான் படிக்கவேயில்லை. அவற்றுள் 2007இல் பிரெய்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் ஒன்று. புற்றுக்கட்டியுள்ள எலிகள் மெலிவதற்கு இந்தப் புரதம் காரணமாகிறது என்றும், அது மூளையின் வழியாகப் பசியைக் குறைக்கிறது என்றும், அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொடுத்தால் மெலிவு நீங்கி எடை மீள்கிறது என்றும் அதில் தெளிவாகக் காட்டியிருந்தார்கள். அதை உரிய நேரத்தில் ஊன்றிப் படித்திருந்தால், தசைச் செல்லில் நேரடி விளைவைத் தேடிப் போவதற்கு முன் ஒரு முறையாவது தயங்கியிருப்பேன். ஒரு புரதத்தைக் கையில் எடுத்தவுடன் யூனிப்ராட் போன்ற புரதத் தரவுத்தளத்தில் அதன் பழைய பெயர்கள் அனைத்தையும் எடுத்து எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பெயரிலும் தனித்தனியே தேட வேண்டும். ஒரு நாள் வேலை அது.

என் கருதுகோள் எளிமையானது. ஜிடிஎஃப்15 தசைச் செல்களின் மேல் நேரடியாக வினைபுரிந்து அவற்றை மெலிய வைக்கிறது என்று நம்பினேன். அந்தப் புரதம் டிஜிஎஃப்-பீட்டா என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துப் புரதங்கள் பெரும்பாலும் செல்லுக்குள் ஸ்மாட் என்ற செய்தி கடத்தும் புரதங்களைத் தூண்டுபவை. ஆகவே வளர்ப்புத் தட்டில் இருந்த தசைச் செல்களுக்கு, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்ற அளவில் மறுசேர்க்கை முறையில், அதாவது அதன் மரபணுவை வேறு செல்களில் செலுத்தி, தயாரித்த ஜிடிஎஃப்15ஐக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து, புரதங்களைப் பிரித்து ஒரு படலத்தில் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை செய்து பார்த்தேன். ஸ்மாட் பட்டைகள் கருகருவென்று எழுந்து நின்றன. சில நாட்களில் தசை இழைகள் மெலிந்தும் போயின. அந்தப் படலத்தை முதன்முதலில் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. மறைந்தவரின் முகம் நினைவுக்கு வந்து, நான் கொஞ்ச நேரம் அழுதேன். அந்த உணர்ச்சியே பின்னர் என்னைக் குருடாக்கிய முதல் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். விடை மெய்யாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு விரும்பினேன்.

எச்சரிக்கைகள் அப்போதே இருந்தன. மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்பது நலமுள்ள மனிதரின் இரத்தத்தில் உள்ளதைப் போலப் பல நூறு மடங்கு. கடுமையாக நோயுற்றவர்களிடம்கூட அந்த அளவை நான் கண்டதில்லை. வெளியான கட்டுரைகளில் அந்த அளவைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதனால் நானும் பயன்படுத்தினேன். இன்னொன்று, ஒரே தடவையில் தயாரித்த குப்பிகளை ஒரு தொகுதி என்பார்கள்; 4ஆவதாக வாங்கிய தொகுதிக் குப்பியில் விளைவு பாதியாகக் குறைந்தது. 6ஆவது தொகுதியில் ஏறத்தாழ இல்லாமலே போனது. நான் செல்களைக் குறை சொன்னேன். புதிய செல்களை வாங்கினேன், வளர்ப்பூடகத்தை மாற்றினேன், நச்சுக் கிருமி கலந்ததோ என்று சோதித்தேன். ஒரு குப்பியின் விலை என் ஒரு மாத உதவித்தொகையில் பாதிக்கு மேல் இருந்தது. 3 ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட வேதிப்பொருள் நிதியில் பாதிக்கும் மேலானது 14 மாதங்களில் தீர்ந்தது. கடைசியில் வேலை செய்த பழைய தொகுதியிலேயே மிச்சமிருந்த குப்பிகளைத் தேடி வாங்கி வைத்துக்கொண்டேன். விளைவு ஒரு தொகுதியில் தோன்றி இன்னொரு தொகுதியில் மறைகிறது என்றால், அந்த விளைவு புரதத்துக்குரியதா, தொகுதிக்குரியதா என்ற கேள்வியைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். நானோ, விளைவைத் தரும் தொகுதியே நல்ல தொகுதி என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் செய்த ஒரு சோதனை என்னை இன்னும் ஆழமாகத் தவறான வழியில் தள்ளியது. டிஜிஎஃப்-பீட்டாவின் ஏற்பியை, அதாவது செல்லின் மேல் அது வந்து பற்றும் புரதத்தை, முடக்கும் ஒரு வேதிப்பொருளைச் செல்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஜிடிஎஃப்15ஐச் சேர்த்தபோது ஸ்மாட் பட்டைகள் முற்றிலும் மறைந்தன. ஆகவே ஜிடிஎஃப்15 தன் வேலைக்கு டிஜிஎஃப்-பீட்டாவின் ஏற்பியையே பயன்படுத்துகிறது என்று எழுதி, அதை ஒரு கருத்தரங்கிலும் படித்தேன். கைதட்டினார்கள். குப்பிக்குள் இருந்தது டிஜிஎஃப்-பீட்டாவாக இருந்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும் என்று அந்த அறையில் யாரும் எழுந்து சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஏற்பியை அடைத்துப் பார்ப்பது, கதவைத் தட்டியவர் யார் என்பதைச் சொல்லாது.

2017 செப்டம்பரில் நான்கு ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே செய்தியை வெளியிட்டன. ஜிடிஎஃப்15இன் ஏற்பி ஜிஃப்ரால் என்னும் புரதம் என்றும், அது ரெட் என்ற துணை ஏற்பியோடு சேர்ந்து இயங்குகிறது என்றும், அது பின்மூளையில் குமட்டலையும் பசியையும் ஆளும் ஒரு சிறு பகுதியில்தான் காணப்படுகிறது என்றும் அவை சொல்லின. அக்கட்டுரைகளைப் படித்து முடித்தபோது என் கைகள் சில்லிட்டன. மறுநாளே என் தசைச் செல்களில் ஜிஃப்ரால் மரபணு வெளிப்படுகிறதா என்று பார்த்தேன். இல்லை. 3 முறை செய்தேன். 3 முறையும் இல்லை. ஏற்பியே இல்லாத செல் எதற்கு மறுமொழி சொல்கிறது? இரண்டு மாதம் நான் சமாதானங்களைத் தேடினேன். இன்னும் கண்டறியப்படாத இரண்டாவது ஏற்பி ஒன்று இருக்கலாம் என்று என் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழ் இரண்டு கோடுகளும் இழுத்து வைத்திருக்கிறேன்.

அந்த நவம்பரில், நார்வேயில் உள்ள ஓர் ஆய்வுக் குழு, தூய்மைப்படுத்தப்பட்டதாக விற்கப்படும் மறுசேர்க்கை ஜிடிஎஃப்15இல் டிஜிஎஃப்-பீட்டா கலந்திருப்பதையும், ஜிடிஎஃப்15க்குரியவை என்று கருதப்பட்ட செல் விளைவுகள் அந்தக் கலப்பால் வந்தவை என்பதையும் வெளியிட்டது. படித்த அன்றே, டிஜிஎஃப்-பீட்டாவை மட்டும் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளை அடுத்த ஆய்வகத்தில் கடன் வாங்கினேன். என் பழைய தொகுதிக் குப்பியில் இருந்த புரதத்தோடு அதைக் கலந்து அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு செல்களுக்குக் கொடுத்தேன். மறுநாள் மாலை வந்த படலத்தில் ஸ்மாட் பட்டை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்திலேயே எதிர்ப்பொருள் சேர்க்காத குழியின் பட்டை எப்போதும் போலக் கருத்திருந்தது. இரண்டேகால் ஆண்டு உழைப்பு அந்த இரண்டு பட்டைகளுக்கு இடையில் இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை. குப்பியோடு வந்த சான்றிதழில் 95 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை என்று போட்டிருந்தது; அந்தச் சொல்லுக்குள் 5 விழுக்காடு வரை வேறெதுவும் இருக்க இடமுண்டு. 100 நானோகிராமில் 1 விழுக்காடு கலப்பு என்றாலும் அது 1 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா, செல்லின் ஸ்மாட் பாதையை முழுவீச்சில் தூண்டுவதற்கு அதுவே போதும். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் கண்டுபிடிக்கலாமே என்று கேட்கலாம். டிஜிஎஃப்-பீட்டா-1இன் முதிர்ந்த துண்டிலும் 112 அமினோ அமிலங்கள்தான்; அதுவும் இரட்டைதான்; இரண்டும் ஏறத்தாழ 25 கிலோடால்டன் எடையுள்ளவை. ஒரே இடத்தில், ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒளிந்துகொள்ளும். பாலூட்டிச் செல்களில் தயாரிக்கப்படும் புரதம் என்றால், அந்தச் செல்களே டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரக்கக் கூடியவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, விலைக்கு வாங்கிய எந்தப் புரதத்தைக் கொண்டும் செல்லில் ஒரு விளைவைக் கண்டால், அதைக் கொண்டாடுவதற்கு முன் சில காரியங்களைச் செய்யுங்கள் என்று இப்போது என்னிடம் வருபவர்களிடம் சொல்கிறேன். அந்தப் புரதத்தை மட்டும் முடக்கும் எதிர்ப்பொருளால் விளைவு மறைகிறதா என்று பாருங்கள். மாசு என்று ஐயப்படும் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளாலும் தனியே பாருங்கள். இரண்டாவது சோதனை இல்லாமல் முதல் சோதனைக்கு முழு மதிப்பில்லை. வேறொரு வகைச் செல்லில் தயாரித்த, வேறொரு விற்பனையாளரின் புரதத்தால் அதே விளைவு வருகிறதா என்று பாருங்கள். ஏற்பி எது என்று தெரிந்திருந்தால், அது உங்கள் செல்லில் இருக்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே பாருங்கள். இருந்தால், அந்த ஏற்பியின் மரபணுவை நீக்கிய செல்லில் விளைவு மறைகிறதா என்றும் பாருங்கள். மருந்து மூலக்கூறுகளுக்கும் இது பொருந்தும். மெல்க் என்ற கைனேஸ் நொதி புற்றுநோய்க்கு மருந்து இலக்கு என்று நம்பப்பட்டு, அதை முடக்குவதாகக் கருதப்பட்ட ஒரு மருந்து நோயாளிகளிடம் சோதிக்கப்படும் நிலை வரை சென்றது. 2017இல் கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறையில் மெல்க் மரபணுவை நீக்கியபோது புற்றுச் செல்கள் வழக்கம்போல வளர்ந்தன. மெல்க்கே இல்லாத அந்தச் செல்களையும் அதே மருந்து கொன்றது. குப்பிகளின் தொகுதி எண்ணை ஒவ்வொரு சோதனையின் பக்கத்திலும் எழுதிவையுங்கள். நான் அதைச் செய்திருந்த ஒரே காரணத்தால்தான், எந்தச் சோதனைகளைத் தூக்கியெறிய வேண்டும் என்பதையாவது என்னால் ஒரு வாரத்தில் பிரித்தெடுக்க முடிந்தது.

நெறியாளரிடம் சொல்வதற்கு 9 நாட்கள் எடுத்துக்கொண்டேன். அந்த 9 நாட்களும் நான் யாரிடமும் பேசவில்லை. இந்த ஒரு காரியத்தில் நான் செய்த தவறு, அறிவியல் தவறைவிடப் பெரியது என்று எண்ணுகிறேன். நான் அஞ்சியதுபோல அவர் சினம் கொள்ளவில்லை. படலத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "கருத்தரங்கில் படித்த சுருக்கத்தை முதலில் திரும்பப் பெறுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்" என்றார். அன்றே எழுதி அனுப்பினேன். அதன் பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது.

2018இன் தொடக்கத்தில் ஆய்வைப் பயோமார்க்கர் பக்கம் திருப்பினோம். மெலிந்துவரும் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் ஜிடிஎஃப்15ஐ அளந்து, நலமுள்ளவர்களோடு ஒப்பிடுவது திட்டம். இரத்த மாதிரியில் இந்தப் புரதம் ஓரளவு உறுதியாக நிற்கக் கூடியது என்பதால் சேமிப்பில் பெரிய சிக்கல் எழவில்லை. 84 நோயாளிகள் இரத்தம் தந்தார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று முறை ஊசி குத்த நேர்ந்தபோதும், "யாருக்காவது பயன்படட்டும்" என்று கையை நீட்டியவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஒப்பீட்டுக்கு ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் இருந்த தன்னார்வலர்களிடம் இரத்தம் எடுத்தோம். முடிவு கண்ணைப் பறித்தது. நோயாளிகளின் சராசரி, நலமுள்ளவர்களின் சராசரியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. இம்முறை நான் எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, எதிர்ப்பொருள்களைக் கொண்டு புரத அளவைக் காட்டும் எலைசா சோதனையை மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்றும் ஒத்துப்போயின. அளவீடு ஒத்துப்போவது வேறு, ஒப்பீடு நேர்மையாக இருப்பது வேறு என்பதை அப்போது நான் அறியவில்லை.

எங்கள் அட்டவணையைப் பார்த்த புள்ளியியலாளர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, இரு குழுக்களின் வயது என்ன என்பது. நோயாளிகளின் சராசரி வயது 64. எங்கள் தன்னார்வலர்களின் சராசரி வயது 31. ஜிடிஎஃப்15 வயதோடு ஏறும் புரதங்களுள் முதன்மையானது. அடுத்து அவர், இவர்களில் எத்தனை பேர் மெட்ஃபார்மின் உட்கொள்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீரிழிவுக்காகக் கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் அந்த மாத்திரை ஜிடிஎஃப்15ஐத் தெளிவாக உயர்த்துகிறது. ஆரிஜின் என்னும் பெரிய மருத்துவச் சோதனையில் 8,401 பேரின் இரத்தத்தில் 237 பயோமார்க்கர்களை அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்விலேயே மெட்ஃபார்மினோடு இதற்குள்ள வலுவான தொடர்பு சொல்லப்பட்டிருந்தது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தாலும் இந்த அளவு ஏறும், புகைபிடித்தாலும் ஏறும். எல்லாவற்றிலும் கசப்பானது, சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகளும் இதனை உயர்த்துகின்றன. எங்கள் நோயாளிகளில் பாதிப்பேரிடம் சிகிச்சை தொடங்கிய பிறகுதான் இரத்தம் எடுத்திருந்தோம். நான் நோயை அளந்தேனா, சிகிச்சையை அளந்தேனா என்பதை அந்த மாதிரிகளைக் கொண்டு பிரித்துச் சொல்லவே வழியில்லை.

வயதும் சிறுநீரகச் செயல்பாடும் ஒத்த புதிய ஒப்பீட்டுக் குழுவைத் திரட்டவும், சிகிச்சைக்கு முன் இரத்தம் தந்தவர்களை மட்டும் பிரித்தெடுக்கவும், மருத்துவக் குறிப்புகளில் ஒவ்வொருவரின் மாத்திரைகளையும் தேடி எழுதவும் 11 மாதங்கள் ஆயின. ஐந்து மடங்கு வேறுபாடு இரண்டு மடங்குக்குள் சுருங்கியது. உண்மையான வேறுபாடு அதில் இருந்தது. ஆனால் தனியொரு நோயாளியைப் பார்த்து இவர் மெலிவார், இவர் மெலியமாட்டார் என்று சொல்லும் அளவுக்கு அது கூர்மையானதன்று. நலமுள்ள இளையவர்களோடு நோயுற்ற முதியவர்களை ஒப்பிட்டுப் பெரிய எண்களைக் காட்டும் பயோமார்க்கர் கட்டுரைகளை இப்போது படிக்கும்போது, நான் முதலில் அட்டவணையில் வயதைச் சொல்லும் வரிசையைத் தேடுகிறேன். அது இல்லையென்றால் மேலே படிப்பதில்லை. மருத்துவமனையில் இந்த அளவைக் கொண்டு முடிவெடுக்கப்போகும் மருத்துவர் நோயாளியை நலமுள்ள இளைஞரோடு ஒப்பிடப்போவதில்லை. அதே வயதில், அதே அறிகுறிகளோடு, வேறு நோயால் வந்தவரிடமிருந்து பிரித்தறியவே அவருக்கு இது வேண்டும். ஒப்பீட்டுக் குழுவை அந்த மருத்துவரின் அறையிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல், ஆய்வை முடிக்கும் தறுவாயில் வந்தது. பழைய எலைசா தொகுப்பு கிடைக்காமல் வேறொரு தொகுப்புக்கு மாறினோம். பழைய மாதிரிகளில் 40ஐ இரண்டிலும் அளந்து பார்த்தபோது பெரும்பாலானவை ஒத்துப்போயின. ஆனால் சில மாதிரிகளில் மட்டும் பழைய தொகுப்பு தொடர்ந்து குறைவாகவே காட்டியது. மீண்டும் மீண்டும் அளந்தேன். அதே ஆட்கள், அதே குறைவு. பெருந்தொற்றால் ஆய்வகம் மூடியிருந்த மாதங்கள் நீங்கலாக, ஏறத்தாழ ஓராண்டு நான் பிப்பெட்டையும் நீர்த்தலையும் மாதிரிகளின் உறைநிலையையும் ஐயப்பட்டுக்கொண்டிருந்தேன். 2022இல் வெளியான ஓர் ஆய்வு விடையைத் தந்தது. ஜிடிஎஃப்15இன் 202ஆவது இடத்தில் பெரும்பாலோருக்கு ஹிஸ்டிடின் இருக்கும். சிலருக்கு அங்கே அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கும். இது அரிய மாற்றமன்று. மக்களிடையே பரவலாகக் காணப்படுவது. புரதத்தின் செயல் இதனால் மாறுவதில்லை. ஆனால் பெரிதும் பயன்பாட்டில் உள்ள ஓர் எதிர்ப்பொருள் இணை, இந்த மாற்றமுள்ள புரதத்தைச் சரியாகப் பற்றுவதில்லை; அதனால் அளவு குறைவாகத் தெரிகிறது.

எங்கள் மாதிரிகளில் இதைச் சரிபார்க்க மரபணுவைப் பார்க்க வேண்டும். நோயாளிகளிடம் நாங்கள் பெற்றிருந்த ஒப்புதல் படிவம் புரத அளவீட்டுக்கு மட்டுமே இடம் தந்தது. நெறிமுறைக் குழுவிடம் புதிதாக அனுமதி பெற 5 மாதங்கள் ஆயின. அதற்குள், மறுபடி ஒப்புதல் கேட்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். உயிரோடு இருந்து ஒப்புதல் தந்தவர்களிடம் பார்த்தபோது, பழைய தொகுப்பு குறைத்துக் காட்டிய ஒவ்வொருவரும் அந்த மாற்றத்தைச் சுமந்தவராக இருந்தார். எண்கள் கடைசியில் ஒத்துப்போன அந்த நாளில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. தங்கள் உடல் மிகவும் தளர்ந்திருந்த நேரத்தில் கையை நீட்டியவர்களின் இரத்தத்தை, தொடக்கத்திலேயே ஒரு வரியைக் கூடுதலாகப் படிவத்தில் எழுதத் தவறியதால், என்னால் முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் போனது. மனித மாதிரி எடுக்கும் எந்தத் திட்டத்திலும், அளக்கப்போகும் புரதத்தின் மரபணு வேறுபாடுகளைப் பார்ப்பதற்கான ஒப்புதலைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அளவீட்டுத் தொகுப்பின் எதிர்ப்பொருள்கள் புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கின்றன என்று விற்பனையாளரிடம் எழுதிக் கேளுங்கள். மாதிரிகளில் ஒரு பகுதியையாவது வேறுபட்ட எதிர்ப்பொருள்கள் கொண்ட இரண்டாவது தொகுப்பில் அளந்து பாருங்கள்.

இது வெறும் ஆய்வக நுணுக்கமன்று. ஜிடிஎஃப்15ஐ முடக்கும் பான்செக்ரோமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனை முடிவுகள் 2024இல் வெளிவந்தன. நுரையீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோயால் மெலிந்த 187 பேர் அதில் பங்கேற்றார்கள். மிகக் கூடிய அளவான 400 மில்லிகிராம் பெற்றவர்கள், 12 வாரங்களில், போலி மருந்து பெற்றவர்களைவிடச் சராசரியாக 2.81 கிலோ கூடுதல் எடையோடு இருந்தார்கள். அந்தச் சோதனையில் சேர்வதற்கு இரத்தத்தில் ஜிடிஎஃப்15 மில்லிலிட்டருக்குக் குறைந்தது 1,500 பிக்கோகிராம் இருக்க வேண்டும் என்ற வரம்பு இருந்தது. ஒரே புரதம் அங்கே மருந்தின் இலக்காகவும் மருந்துக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலாகவும் நிற்கிறது. இப்படியொரு வரம்பை, ஒரு மரபணு மாற்றமுள்ளவர்களுக்குக் குறைத்துக் காட்டும் தொகுப்பைக் கொண்டு எங்கேனும் அளந்தால், மருந்து பெற வேண்டிய ஒருவர் தம் உடலில் உள்ள ஓர் அமினோ அமிலத்தால் வெளியே நிறுத்தப்படுவார். அந்த முடிவுகளைப் படித்தபோது, மறைந்துபோன என் உறவினரை நினைத்தேன். என் பாதை தவறிப்போனாலும், மூளை வழியே பசியைக் குறைக்கும் ஒரு சமிக்ஞையை மருந்தால் தடுக்கலாம் என்பது மெய்யாகிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்குப் பெரும் ஆறுதல் உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளவு உயர்ந்திருப்பதாலேயே ஒரு புரதம் நோய்க்குக் காரணமாகிவிடாது. காரணமாக இருந்தாலும் அளவு மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. மைட்டோகாண்ட்ரியா நோய்களில் உயரும் ஜிடிஎஃப்15, பெரும்பாலும் செல்லின் துன்பத்தை அறிவிக்கும் சாட்சியாகவே பயன்படுகிறது. கருவுற்ற காலத்துக் கடும் வாந்தியில் அதுவே காரணமாகவும் இருக்கிறது. ஆயினும் அங்கேயும் கணக்கு நேரானதன்று. 2023இன் இறுதியில் வெளியான ஆய்வு, கருவுறுவதற்கு முன் இந்த அளவு குறைவாக இருந்த பெண்களுக்கே அந்த வாந்தி கடுமையாக வருகிறது என்றும், தலசீமியாவால் பல ஆண்டுகளாக உயர்ந்த அளவுக்குப் பழகிய பெண்களுக்குக் குமட்டல் குறைவு என்றும் காட்டியது. உடல் எதற்குப் பழகியிருந்தது என்பதை ஒரு நாள் எடுத்த ஒரு குப்பி இரத்தம் சொல்லாது. என் 84 பேரிடமும் நான் ஒரே ஒரு முறைதான் இரத்தம் எடுத்தேன். இன்று அதே ஆய்வை மீண்டும் தொடங்கினால், குறைவான ஆட்களிடம், இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை எடுப்பேன்.

உதவித்தொகை முடிந்த பிறகு 10 மாதங்கள் சேமிப்பைக் கொண்டு வாழ்ந்து ஆய்வேட்டை முடித்தேன். அதில் ஒரு முழு இயல், கலப்புக் குப்பியோடு நான் செய்த சோதனைகளையும் அவை ஏன் தவறானவை என்பதையும் பற்றியது. அதை நீக்கிவிடலாம் என்று இரண்டு பேர் அறிவுரை சொன்னார்கள்; நான் நீக்கவில்லை. தேர்வாளர்களில் ஒருவர் அந்த இயலைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வாய்மொழித் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது, தம் ஆய்வகத்தின் பழைய சோதனை ஒன்றைத் திரும்பச் செய்து பார்க்கப்போவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அந்தப் பழைய தொகுதியில் 5 குப்பிகள் இன்னும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இருக்கின்றன. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் அதில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, இது தசைச் செல்லில் என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன், வேறெதுவும் சொல்வதில்லை. கருத்த பட்டைகளோடு, முகம் மலர்ந்து அவர்கள் திரும்பி வரும்போது, டிஜிஎஃப்-பீட்டாவை முடக்கும் எதிர்ப்பொருளை எடுத்து மேசையில் வைக்கிறேன். சென்ற மாதம் வந்த மாணவி மட்டும், குப்பியை வாங்கியவுடன் அதைத் திறக்காமல், இது எந்தச் செல்லில் தயாரிக்கப்பட்டது என்று முதலில் கேட்டார்.